தலைவர்னா கடைமடைக்கு வரணும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். நல்ல தலைவருக்கு என்னென்ன குணம் வேணும்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். தொலைநோக்கு, பேச்சாற்றல், துணிச்சல்னு நல்லாத்தான் எழுதியிருந்தாங்க, ஆனா காவிரித் தண்ணி கடைசியா வந்து சேர்ற கடைமடையான எங்க திருத்துறைப்பூண்டி பக்கம் வந்து கேட்டீங்கன்னா தண்ணி பத்தாத நேரத்துல தன் வயல் மடைய மொதல்ல அடைக்கிறவர்தான் தலைவர்னு சொல்லுவாங்க.

ஜூன் 12ல மேட்டூர தொறந்து பூ தூவுறத டிவில காட்டுறாங்க, சந்தோஷம். அந்தத் தண்ணி கல்லணை வந்து வெண்ணாறா பிரிஞ்சு எங்க வாய்க்காலுக்கு வந்து சேர்றதுக்குள்ள நாத்து முத்திப் போயிடும். முறை வச்சு விடலாம்னு பேசி முடிவு பண்ணுவாங்க, பகல்ல எல்லாம் ஒழுங்கா நடக்கும், ராத்திரி ஆனா மேல இருக்கிற யாராவது மடைய தொறந்துடுவாங்க, விசாரிச்சா அது தலைவரோட மச்சானா இருக்கும். அந்த மச்சான்கிட்ட போய் "அடைச்சிடு மாப்ள, கீழ காயுது"ன்னு சொல்ற தைரியம்தான் எனக்குத் தெரிஞ்ச துணிச்சல். மேடையில கர்நாடகாவ திட்டுறதுக்கு என்ன பெரிய துணிச்சல் வேணும்?

கர்நாடகான்னதும் ஞாபகம் வருது. எங்க ஊர்ல இன்னைக்கும் பெரியவங்க மரியாதையா சொல்ற பேரு பி.சீனிவாசராவ். கர்நாடகா தென்கன்னடத்துல பொறந்தவர், 1940கள்ல கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பி தஞ்சாவூர் ஜில்லாவுக்கு வந்தவர், இங்க வந்து, பண்ணையார் நிலத்துல அடிமை மாதிரி வேலை செஞ்ச பண்ணையாளுங்களோட சேரியிலயே தங்கி, அவங்க சாப்பிட்டத சாப்பிட்டு, அவங்க பேசுற தமிழயே பேசினவர். தண்டனையா சாணியக் கரைச்சுக் குடிக்க வச்ச சாணிப்பாலும் சவுக்கடியும் வாங்கிட்டு இருந்த ஜனங்கள நிமிர்ந்து நிக்க வச்சவர். 1952ல பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்ததுக்குப் பின்னாடி அந்தப் போராட்டம் எல்லாம் இருக்கு. 1961ல செத்துட்டார், ஆனா ஓட்டுக்காக வந்தவர்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. எனக்கு அந்தக் கட்சியோட ஒட்டு உறவு கெடையாது, இருந்தாலும் சொல்லத் தோணுது.

இன்னொரு விஷயம் நேரம். தூர்வாருற வேலைய சித்திரை வைகாசில முடிச்சாதான் பிரயோஜனம், தண்ணி வந்துட்டு இருக்கும்போது பொக்லைன விட்டு ரெண்டு பக்கமும் மண்ண அள்ளிப் போட்டு போட்டோ எடுத்தா அது ஐப்பசி மழையில திரும்ப வாய்க்காலுக்குள்ளதான் போகும். எங்களுக்கு கோடையில தண்ணி வராது, அடைமழையில மேல உள்ள ஊர் தண்ணி பூரா எங்க வயல்லதான் நிக்கும், அதனால வடிகாலும் தெரிஞ்சவரா இருக்கணும். நெல் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு மூட்டைய திருப்பி விடும்போது தலைவர் எங்க போன எடுக்கணும், நெல்ல மூடுறதுக்கு படுதா கேட்டு வாங்கித் தரணும், அவ்வளவுதான்.

2025 ஜனவரியோட எங்க பஞ்சாயத்து தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு நிர்வாகம் தனி அலுவலருங்க கைக்குப் போச்சு. உள்ளாட்சித் தேர்தல் வர்றப்ப உங்க நிருபருங்க ஒரு உதவி பண்ணணும். சொத்து எவ்வளவு, படிப்பு என்னன்னு கேக்குறதோட, உங்க ஊர் வாய்க்கால் எங்க போய் முடியுது, கடைசி மடை யாரோடது, அங்க கடைசியா எப்ப போனீங்கன்னு ஒவ்வொரு வேட்பாளர்கிட்டயும் கேளுங்க. முழிச்சாங்கன்னா அதயும் போட்டோவோட போடுங்க.

இப்படிக்கு,
ஒரு கடைமடை விவசாயி,
திருத்துறைப்பூண்டி வட்டம்