ஏலத்தில் கை தூக்குமுன்

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. மகளுக்கு லியோனில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம்.

ஏலத்தில் வாங்கலாமா என்று நீ கேட்ட வெண்கல ஜாடிக்கு வருகிறேன். பழுப்பு நிற உடல், அதில் தங்கமும் வெள்ளியுமாக மூங்கிலும் நாரையும், அடியில் கிறிஸ்டோஃப்ளே என்ற பிரெஞ்சு உலோகப்பொருள் நிறுவனத்தின் முத்திரை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முத்திரையை மட்டும் நம்பி விலை சொல்லிவிடாதே.

1867 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு ஜப்பான் வந்தது. கலைப்பொருள் சேகரிப்பாளர் செர்னுஸ்கி ஜப்பானிலிருந்து திரட்டிவந்த வெண்கலங்களை 1873-ல் பாரிஸ் பார்த்தது. கிறிஸ்டோஃப்ளேயில் வடிவமைப்பைக் கவனித்த எமில் ரைபேர் அந்த ஜப்பானிய மோக அலையில்தான் இந்த மாதிரிப் பொருட்களை வரைந்தார். வடிவம் ஜப்பானியம், செய்முறை பிரெஞ்சு. ஜாடியைச் சோதிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துப் போ. ஜப்பானியக் கைவேலையில் உளியால் பள்ளம் வெட்டி, அதன் அடி மேல்வாயைவிடச் சற்று அகலமாக இருக்கும்படி குடைந்து, தங்கக் கம்பியை அடித்து இறக்குவார்கள். ஓரம் கத்தியால் கீறியதுபோல் துல்லியமாக இருக்கும். கிறிஸ்டோஃப்ளே முறை வேறு: வேண்டாத இடத்தில் வார்னிஷ் பூசி, மீதியை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மின்சாரம் மூலம் தங்கம், வெள்ளியைப் படியவிடுவது. லென்ஸில் ஓரம் கொஞ்சம் நடுங்கினாற்போல், மணல் மணலாகத் தெரியும். அது குறையில்லை, அந்தக் காலத்துப் பட்டறையின் கையெழுத்து.

அடுத்து, கவிழ்த்துப் பார். பிரெஞ்சு வேலையில் பாதம், உடல், கழுத்து தனித்தனியாக வார்த்து, நடுவே மரைத்தண்டு விட்டு நட்டால் முடுக்கியிருப்பது வழக்கம். கைப்பிடிகளும் பெரும்பாலும் தனி வார்ப்புதான், அதனால் அவற்றைப் பிடித்துத் தூக்காதே. ஜாடி ஆடினால் நட்டு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அது சரிசெய்யக்கூடியது. அடியில் கீறல் பட்ட இடத்தில் உலோகம் மஞ்சளாக இல்லாமல் வெளிறிய சாம்பல் நிறமாக இருந்தால் அது வெண்கலமே இல்லை, துத்தநாக வார்ப்பு. பேசாமல் திரும்பி வந்துவிடு.

அசலிலிருந்தே அச்செடுத்து வார்த்த நகல்களும் உண்டு. வெண்கலம் ஆறும்போது ஏறக்குறைய 1.5 சதவீதம் சுருங்கும், 40 செ.மீ. அசலின் நகல் சுமார் 6 மி.மீ. குட்டையாக இருக்கும், நாரையின் இறகுக் கோடுகளும் மழுங்கியிருக்கும். அளவு நாடாவை மறக்காதே.

எல்லாவற்றையும்விட முக்கியம் மேல் நிறம். அந்தப் பழுப்பு, ரசாயனத்தால் உலோகத்தின் மேல் வரவழைத்த மெல்லிய படலம். ஜாடியின் உயிரே அதுதான். மேடான இடங்களில் அடி உலோகம் எட்டிப்பார்த்தால், இடுக்குகளில் வெள்ளையாகப் பாலிஷ் காய்ந்திருந்தால், யாரோ தேய்த்திருக்கிறார்கள். மறுபடி நிறம் ஏற்றலாம், பழையதோடு ஒத்துப்போவது அபூர்வம். அப்படிப்பட்டதற்குப் பாதி விலைகூட அதிகம் என்பேன்.

வாங்கிவிட்டால் குத்துவிளக்குக்குப் போடுகிற புளியும் எலுமிச்சையும் இதன் பக்கம் வரவே கூடாது. அமிலம் படலத்தைத் தின்றுவிடும். மென்மையான தூரிகையால் தூசி தட்டு. பருத்திக் கையுறை போட்டுத் தொடு. வெளிர்பச்சைப் பொடி தென்பட்டு, துடைத்த பின்னும் திரும்ப வந்தால் அது குளோரைடு அரிப்பு. ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் இடத்தில் தனியாக வைத்து, உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் காட்டு.

ஏலத்துக்கு முன் பாரிஸில் மோன்சோ பூங்காவை ஒட்டிய செர்னுஸ்கி அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய் வா; நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. அசல் ஜப்பானிய வெண்கலத்தின் நிறம் கண்ணில் பதிந்துவிடும். ஜாடியின் அடிப்பாகத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பு. ஏலம் முடியும்போது சுத்தியல் தட்டி அறிவிக்கும் விலைக்கு மேல் ஏலக்கூடம் எவ்வளவு கட்டணம் சேர்க்கும் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

அன்புடன்,
ராமநாதன்