ஃபென்டனில் பேட்ச் தடையின்றிக் கிடைக்க வழிசெய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
நாட்பட்ட வலிக்கு பேட்ச் சிகிச்சை பெறுவோர் மற்றும் அவர்களைப் பராமரிப்போர்

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
சுகாதாரத் துறை

பொருள்: மாத அளவு, மாற்று பேட்ச், பயன்படுத்திய பேட்ச்சைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஃபென்டனில் என்பது ஓபியாய்டு வகையைச் சேர்ந்த வீரியமான வலி நிவாரணி. தோலில் ஒட்டி, அதன் வழியாக அந்த மருந்தை உடலுக்குள் செலுத்தும் ஃபென்டனில் பேட்ச்சை 72 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாதத்துக்கு 10 பேட்ச் என்று கணக்கிட்டுத் தருவது 30 நாளுக்குத்தான் சரி. 1ஆம் தேதி காலை 8 மணிக்கு முதல் பேட்ச் ஒட்டினால், பத்தாவது பேட்ச் 31ஆம் தேதி காலை 8 மணிக்கு முடிந்துவிடும். அன்று ஒட்ட ஒன்றும் இருக்காது. சிலருக்கு மருந்தின் பலன் 48 மணி நேரம்தான் நிற்கும். மருத்துவரே அப்படி எழுதித் தந்தால் 30 நாளுக்கே 15 வேண்டும்.

ஒருநாள்தானே என்று இதை விட்டுவிட முடியாது. பேட்ச்சை எடுத்த பிறகும் தோலில் தேங்கிய மருந்து சிறிது நேரம் ரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும். பிறகு அளவு இறங்க இறங்க வலியோடு வியர்வை, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை, படபடப்பு எல்லாம் சேர்ந்து வரும். நீண்ட நாள் மருந்துக்குப் பழகிய உடல் அப்படித்தான் நடந்துகொள்ளும். அதைப் போதைப்பழக்கம் என்று எழுதிவைப்பது தவறு. புதிய பேட்ச் ஒட்டினாலும் முழுப் பலன் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். இடைவெளி பல நாள் நீண்டால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடும். பழைய அளவையே மீண்டும் ஒட்டினால் மூச்சு மந்தமாகி உயிருக்கே ஆபத்தாகலாம்.

பேட்ச் உரிந்து விழுவதும் உண்டு. ரோமமில்லாத, காயமில்லாத தோலை வெறும் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, உள்ளங்கையால் 30 விநாடி அழுத்தி ஒட்ட வேண்டும். சோப்பு, எண்ணெய், லோஷன் கூடாது. ரோமத்தைக் கத்தரிக்கலாம், சவரம் செய்யக் கூடாது. இவ்வளவு செய்தும் வியர்வையில் ஓரம் எழும்பும். டேப் ஒட்டிப் பார்ப்போம். முழுதும் உரிந்தால் வேறு இடத்தில் புதிதாகத்தான் ஒட்ட வேண்டும், அப்போது மாதக் கணக்கில் ஒன்று குறையும். காய்ச்சல், வெந்நீர்ப் பை, நேரடி வெயில் ஆகியவை தோல் மருந்தை வேகமாக உறிஞ்ச வைக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகள் ரத்தத்தில் ஃபென்டனில் அளவைக் கூட்டும். இந்த விவரங்கள் தாய்மொழியில் அச்சிட்டுப் பெட்டியோடு தரப்பட வேண்டியவை.

72 மணி நேரம் ஒட்டியிருந்த பேட்ச்சிலும் கணிசமான மருந்து மிஞ்சியிருக்கும். ஒரு குழந்தை அதை எடுத்து ஒட்டிக்கொண்டாலோ வாயில் வைத்தாலோ உயிர் போகலாம். ஒட்டும் பக்கம் உள்ளே வருமாறு மடித்துப் பத்திரப்படுத்துகிறோம். அதற்குப் பிறகு ஒப்படைக்க ஓர் இடம் தேவை.

ஆகவே, எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று மருத்துவர் எழுதியிருக்கிறாரோ அதைக் கணக்கிட்டு, 31 நாள் மாதத்தில் 11 என்பதுபோல் பேட்ச் வழங்க ஆணையிட வேண்டும். உரிந்ததைத் திருப்பிக் கொடுத்தால் மாற்று பேட்ச் தர வேண்டும். இருப்பு தீரும் முன்பே மருந்தகம் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு தயாரிப்போ வேறு மருந்தோ மாற்றுவதாக இருந்தால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பயன்படுத்தியவற்றைத் திரும்பப் பெற மருந்தகங்களில் பூட்டிய பெட்டி வைக்கவும், பேட்ச் உள்ள வீடுகளுக்கு, ஃபென்டனில் அளவு மீறினால் அதன் விளைவை முறிக்கும் நலோக்சோன் மருந்தும் அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் கிடைக்கவும் ஏற்பாடு செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இவற்றில் மிக அவசரமானது மாத அளவு. அதற்கான ஆணையை முதலில் பிறப்பிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மனுதாரர்கள்