மாணவ ஆய்வாளர் பயிற்சி: வழிகாட்டிகளின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். நம் உளவியல் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்துள்ள மாணவர்களைத் தரவு உள்ளிடும் வேலையோடு நிறுத்திவிடாமல், கருதுகோளை வகுப்பதிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆய்வாளர் குழு ஒன்று 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015இல் வெளியிட்ட முடிவில், ஏறத்தாழ 36 விழுக்காட்டில்தான் புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க விளைவு மீண்டும் கிடைத்தது என்பதால், தரவு திரட்டும் முன்பே பகுப்பாய்வுத் திட்டத்தைப் பதிவு செய்யும் பழக்கம் அவர்களுக்குத் தொடக்கத்திலேயே வர வேண்டும். ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினால் மட்டும் போதாது. தயங்கும் பங்கேற்பாளரிடம், காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று நிதானமாக எடுத்துச் சொல்ல, நம்மில் ஒருவரைப் பங்கேற்பாளராக எதிரே அமர்த்தி மாணவர்களைப் பழக்குங்கள். ஆய்வுக் காணொளிகளில் காணும் நடத்தைகளை இருவர் தனித்தனியே வகைப்படுத்திக் குறியீடு இட்டு, தற்செயலைத் தாண்டி இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் காட்டும் கோஹென் கப்பா மதிப்பைக் கணக்கிட்ட பிறகே வேறுபாடுகளைப் பேசட்டும். என் பார்வையில், மாணவர்கள் அதிகம் கற்பது அந்தப் பேச்சில்தான். ஆய்வுக் கட்டுரையில் யார் பெயர் இடம்பெறும் என்பதையும் முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள்.