கவுன் போட்ட பையன்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய குடும்பப் படங்களைத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியிட்டு வருவது நல்ல காரியம். ஆனால் கவுன் அணிந்திருந்தாலோ தலைமயிர் நீண்டிருந்தாலோ அது பெண் குழந்தை என்றே குறிப்பு எழுதுகிறார்கள். 1920க்கு முந்திய ஐரோப்பியர் படங்களுக்கு இந்த அளவுகோல் உதவாது. 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்த திருகோணமலையில் அத்தகைய படங்களும், அவர்களைப் பார்த்து உடுத்திய நம்மவர் படங்களும் இன்னமும் பெட்டிகளிலிருந்து வெளிவருகின்றன. குறிப்பு எழுதுவோருக்கு உதவும் என்று சிலவற்றைச் சொல்கிறேன்.

16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் ஆண் பிள்ளைக்கும் முதல் உடை கவுன்தான். பெரும்பாலும் நாலு வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில், ஒரு நாள் குறித்து முதற் காற்சட்டை போட்டுவிடுவார்கள். அந்தத் தாமதத்துக்குக் காரணம் தையலில் இருக்கிறது. அந்நாட் காற்சட்டைக்கு இலாஸ்டிக் கிடையாது. முன்பக்கம் தெறி (பொத்தான்) வரிசை. அதற்கும் முற்பட்ட காலத்தில் மேலுடையோடு சேர்த்து முடியும் நாடாக்கள். அவசரத்துக்கு மூன்று வயதுப் பிள்ளை இவற்றை அவிழ்க்கமாட்டான். கவுனைத் தூக்கிவிட்டால் போதும்.

மற்றது வளர்ச்சி. கவுனின் அடியில் அரை அங்குல மடிப்புகள் மூன்று நாலு பிடித்துத் தைத்தால் ஒவ்வொரு மடிப்பும் ஓர் அங்குலத் துணியை உள்ளே வாங்கிக்கொள்ளும். பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். காற்சட்டையில் இது அரைவாசிதான் சாத்தியம். காலின் நீளத்தை மடிப்பைப் பிரித்து இறக்கலாம், கவட்டின் ஆழத்தைக் கூட்டமுடியாது. குந்தும்போது முதலில் பிரிவதும் அந்தத் தையல்தான். ஆகவே படத்தில் உள்ள கவுனின் மடிப்புகளை எண்ணிப் பாருங்கள். எல்லா மடிப்பும் அப்படியே இருந்தால் உடை புதிது. பிரித்த மடிப்பின் தடம் கோடாகத் தெரிந்தால் பிள்ளை அதற்குள் வளர்ந்திருக்கிறது, அல்லது மூத்ததின் உடை இளையதுக்கு வந்திருக்கிறது.

உடம்போடு ஒட்டிய குட்டை மேற்சட்டையின் இடுப்பைச் சுற்றித் தெறி வைத்து, உயர்ந்த காற்சட்டையை அதிலே பூட்டும் உடை ஏறத்தாழ 1780களிலிருந்து 1830கள் வரை இருந்தது. புகைப்படம் வருமுன்பே அது வழக்கொழியத் தொடங்கியதால் ஓவியங்களில்தான் அதைக் காணலாம். பின்னர் மாலுமி உடை. 1846இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் நாலு வயதில் அரச கப்பலில் அணிவதற்காக அது தைக்கப்பட்டது. வின்டர்ஹால்டர் அதை ஓவியமாகத் தீட்டிய பிறகு வீடு வீடாகப் பரவியது. பின்னாளில் பெண் பிள்ளைகளும் பாவாடையோடு அதே கழுத்துப் பட்டியை அணிந்தார்கள். எனவே கழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் இடுப்புக்குக் கீழே பாருங்கள். காற்சட்டை முழங்காலோடு நின்றால் சிறுவன், கணுக்கால் வரை இறங்கினால் வளர்ந்த பையன் என்ற கணக்கு அதன் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கீழ் வகுப்பில் நீலக் கட்டைக் காற்சட்டையும் மேல் வகுப்பில் வெள்ளை நீளக் காற்சட்டையும் அணியும் நம் பள்ளிப் பையன்களைப் பார்த்தாலும் இது விளங்கும்.

நம்மவர் படங்களில் துணியைவிட அணியும் தலைமயிருமே அதிகம் பேசும். தலையாலங்கானத்துப் போருக்குப் போன இளம் பாண்டியனைப் புறநானூற்றின் 77ஆம் பாட்டு இப்படித்தான் அளக்கிறது. காலிற் கிண்கிணிச் சதங்கை போய் வீரக் கழல் வந்தாயிற்று, குடுமி களைந்தாயிற்று, கையிற் குறுந்தொடி என்ற சிறு வளை போய் வில் வந்தாயிற்று. கழுத்தில் ஐம்படைத் தாலி மட்டும் இன்னும் கழற்றப்படவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டது இன்றைக்குத்தான் என்பது புலவரின் மிகை. என்றாலும் எந்த அணி எந்தப் பருவத்துக்கு உரியது என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தால்தானே அந்த வியப்பு எடுபடும்! சங்கு, சக்கரம், கதை, வாள், வில் கோத்த அந்தத் தாலியைப் பஞ்சாயுதம் என்று இன்றும் குழந்தைக்குப் போடுகிறோம். படத்தில் அது கழுத்திலும் அரைஞாண் இடுப்பிலும் இருக்க, வேறு துணி இல்லையென்றால் பிள்ளை மிகச் சிறியது என்று கொள்ளலாம். பூணூல் இருந்தால் பெரும்பாலும் ஏழு, எட்டு வயதுக்குக் கீழே போகவேண்டாம். சடைபின்னிப் பூ வைத்த தலை மட்டும் எதற்கும் சாட்சியல்ல. நேர்த்திக்கடனுக்காக மொட்டை அடிக்கும் வரை ஆண் பிள்ளைக்கும் மயிர் வளர்ப்பதுண்டு. ஆசைக்குப் பெண் உடை போட்டுப் படம் பிடிப்பதும் உண்டு.

தெறி அணிபவரின் வலப்பக்கம் என்றால் ஆண், இடப்பக்கம் என்றால் பெண் என்று பிரிப்பவர்கள் இரண்டு இடத்தில் வழுக்குகிறார்கள். சிறு பிள்ளைகளின் உடையில் அந்த விதி பழைய காலத்தில் ஒழுங்காகப் பேணப்படவில்லை. அடுத்தது, கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து அச்சிட்டால் இடம் வலமாகிவிடும். அருகில் நிற்கும் தாயின் சேலைத் தலைப்பு வலது தோளில் கிடந்தால் முதலில் படத்தின் மீதே சந்தேகப்படுங்கள். பூணூலும் இடது தோளிலிருந்து இறங்கவேண்டும். பெயர்ப் பலகை ஏதும் பின்னால் இருந்தால், எழுத்து புரண்டிருப்பதே காட்டிக்கொடுக்கும், வேலை இன்னும் சுலபம்.

நிறத்தை வைத்தும் எழுதவேண்டாம். படம் பிடித்த பழைய கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியை அதிகம் வாங்கி, சிவப்பை வாங்காமல் விடுபவை. இளநீலக் கவுன் வெள்ளையாக விழும், சிவப்புக் கரை கறுப்பாகும். இளஞ்சிவப்பு பெண்ணுக்கு, நீலம் ஆணுக்கு என்ற பிரிவினையோ 20ஆம் நூற்றாண்டில் நிலைபெற்ற வழக்கம்.

தீர்மானிக்க முடியாதபோது ‘குழந்தை, இரண்டு முதல் நாலு வயது’ என்று எழுதினால் யாருக்கும் குறைவில்லை. படத்தின் பின்புறம் பெயர் குறிப்பதானால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதச் சொல்லுங்கள். குமிழ்முனைப் பேனாவின் அழுத்தம் முகத்தின் மேல் கோடாக எழும்பிவிட்டால் அதைச் சீராக்க வழி கிடையாது.

தையற்காரர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.