ஆறாவது பெட்டியைத் திறந்துவிடுங்கள்

எச்சில் குப்பி விற்று, அந்த எச்சிலில் உள்ள மரபணுவைப் பார்த்து வமிசாவழி தேடித் தரும் நிறுவனத்தின் மதிப்புக்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன கிழமை உங்கள் வாடிக்கையாளர் பிரிவிலிருந்து நான்காவது பதில் வந்தது. முதல் மூன்றையும் போலவே இதிலும் நான் உங்களுக்கு மிகவும் பெறுமதியானவள் என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். கூடவே, வருடச் சந்தா எடுத்தால் 20 வீதம் கழிவு என்றும் இருக்கிறது. இலங்கையிலிருந்து அந்தச் சந்தாவைக் கட்ட முடியவில்லை என்பதுதான் நான் நான்கு தடவையும் எழுதிய முறைப்பாடு. கடையை இழுத்துப் பூட்டிவிட்டுக் கதவில் 'மலிவு விற்பனை' என்று ஒட்டி வைத்த மாதிரி இருக்கிறது.

விவரமெல்லாம் உங்கள் கோப்பில் உண்டு. அதை ஒரு மனிதர் படித்ததாகத்தான் தெரியவில்லை. ஆகவே இந்தத் தடவை நாலு பேர் பார்க்க எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்று: என் சித்தியின் கணக்கில், உறவினர் பட்டியலில் ஆறாவதாகக் கிடக்கும் சாம்பல் நிறப் பெட்டியைத் திறந்துவிடுங்கள்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒருவேளை என் பெரியம்மா இருக்கலாம்.

அம்மா 1946இல் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் பிறந்தவர். அவருக்கு ஆறு வயது மூத்த அக்கா ஒருவர். 1964இல் கொழும்பும் டில்லியும், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் சனத்தைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தாத்தா இலங்கைப் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டார். பெரியம்மாவைக் கட்டிக் கொடுத்த வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். 1973இல் அவர்களுக்கு நாள் வந்தது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி புறப்படும்போது நின்றவர்களும் அழ, போகிறவர்களும் அழ, அந்தக் கோச்சிக்கே ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். தலைமன்னார் வரை கோச்சி, அப்புறம் கப்பல், இராமேஸ்வரம். கொஞ்சக் காலம் கடிதம் வந்தது. கடைசியாக வந்ததில் கோத்தகிரி முத்திரை இருந்ததாக அம்மாவுக்கு நினைவு. 1983 ஆடியில் பொரளையில் நாங்கள் இருந்த வாடகை அறையோடு சேர்ந்து அந்தக் கடிதங்களும் எரிந்துபோயின. விலாசம் போன பிறகு யாருக்கு எழுதுவது?

இதற்குத்தான் உங்களிடம் வந்தோம். மூதாதையரில் யாராவது அரச குடும்பமா என்று பார்க்க வரவில்லை.

குப்பியை இங்கே அனுப்ப மாட்டோம் என்றீர்கள். டொரொன்டோவில் இருக்கும் சித்தியின் இளைய மகன் வாங்கி, ஒரு கலியாணத்துக்கு வந்தபோது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். அரை மணித்தியாலத்துக்கு முன்பிருந்தே எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, கோடு வரைக்கும் துப்ப வேண்டும், நுரை கணக்கில்லை. இந்த விதியை எழுதியவர் இருபத்தைந்து வயதுக்காரராக இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரை குடிக்கிற கிழவிக்கு வாயில் ஏது எச்சில்? அம்மா முதலில் குப்பியைக் கையில் வாங்கவே மாட்டேன் என்றார். "எச்சிலப் போயி பார்சல்ல அனுப்புறதாடி? அதத் தொடுற மனுசருக்குப் பாவம் இல்லையா?" எச்சில் பட்ட டம்ளரைப் பேத்திக்குக்கூடக் கொடுக்காதவர் அவர். அக்காவைத் தேடத்தான் என்று சொன்ன பிறகு பேசாமல் வாங்கிக்கொண்டார். துப்பித் துப்பிப் பார்த்தும் கோட்டுக்குக் கீழேயே நின்றது. கடைசியில் நான் குசினிக்குப் போய்ப் பழப்புளிப் போத்தலைத் திறந்து கொண்டுவந்து மூக்குக்கு நேரே பிடித்தேன். சித்தி எதிரில் இருந்துகொண்டு, பள்ளிக்கூடக் காலத்தில் களவாக அடித்த மாங்காய், உப்பு, கொச்சிக்காய் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நாற்பது நிமிடம் ஆனது. கோட்டைத் தொட்டபோது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது.

அந்த நாற்பது நிமிடத்துக்குப் பலன் கிடைக்காமல் இல்லை. அம்மாவின் பட்டியலில் என் பெயருக்கு அடுத்ததாக, வெறும் இரண்டு எழுத்தோடு ஒரு ஆள் வந்தார்: எஸ். எம்., 861 சென்டிமோர்கன். இரண்டு பேருக்கும் பொதுவில் இருக்கும் மரபணுவின் அளவு அது. 'முதல்நிலை கசின்' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். படமில்லை, ஊரில்லை. மூன்று முறை எழுதியும் பதிலில்லை.

இங்கே உங்கள் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒருவருக்குத் தன் சகோதரியின் பேரப்பிள்ளையோடும், தன் மாமன் மகனோடும் பொதுவில் இருக்கும் அளவு சராசரியாக ஏறத்தாழ ஒன்றுதான், 850 வாக்கில். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று. அம்மாவுக்கு அப்படியா? முன்னது அவருடைய சொந்தப் பேரன், பேத்தி. எங்கள் முறையில் அக்கா பேரப்பிள்ளை என்றால் என் பேரப்பிள்ளைதான். பின்னது மச்சான், மச்சாள். இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பெரியம்மா கட்டியது சொந்தத் தாய்மாமன் மகனை. ஆகவே அவருடைய வாரிசுகளுக்கு இரண்டு வழியாலும் எங்கள் இரத்தம் போயிருக்கும், எண் கூடும். எவ்வளவு கூடும் என்று உங்கள் அட்டவணையில் தேடினேன், காணவில்லை. மாமன் மகளைக் கட்டுவது உங்கள் மென்பொருளுக்குத் தெரியாத சங்கதி போலும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது எத்தனை தலைமுறை வழக்கம் என்று யாரையாவது கேட்டிருக்கலாம். கடைசிப் பெயரைக் கட்டாயம் நிரப்பு என்று நச்சரிக்கும் பெட்டியைப் பற்றியும் அப்போதே கேட்டிருக்கலாம். எங்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது, ஐயா. அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக வரும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். உங்கள் மரத்தில் நான்கு தலைமுறைக்கு நான்கு குடும்பப் பெயர் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, 'பிழை இருக்கலாம்' என்று சிவப்புக் கொடி காட்டுகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எஸ். எம். பெரியம்மாவின் பேரப்பிள்ளையா, அல்லது இந்தியா போன மாமன் வீட்டில் வேறு யாருமா? இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருந்தது. வத்தளையில் இருக்கும் சித்தி, அம்மாவின் சித்தப்பா மகள். அதாவது தாத்தா வழி. மாமன் வீடு பாட்டி வழி. பாட்டி வேறு தோட்டத்துக்காரி, இரண்டு வீட்டுக்கும் அதற்கு முன் கொண்டான் கொடுத்தான் இல்லை என்று சித்தி உறுதியாகச் சொல்கிறார். அப்படியானால், எஸ். எம். சித்தியின் பட்டியலிலும் வந்தால் தாத்தாவின் இரத்தம் இருக்கிறது, பெரியம்மாவின் பிள்ளை வழிதான். வராவிட்டால் மாமன் வீடு. இதற்காகவே இன்னொரு குப்பி காசு கொடுத்து வாங்கி, இன்னொரு பழப்புளிப் போத்தல் திறந்து, சித்தியும் துப்பினார்.

சித்தியின் முடிவு வருவதற்குச் சரியாக ஒரு கிழமைக்கு முன்பு நீங்கள் விதியை மாற்றினீர்கள். சந்தா இல்லாதவர்களுக்கு முதல் ஐந்து பெயர்தான். அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் பெட்டி.

சித்தியின் ஐந்து பெயர்கள் யார் தெரியுமா? மூத்த மகன், இளைய மகன், டொரொன்டோவில் இருக்கும் பேத்தி, என் அம்மா, நான். ஐந்து பேரும் சித்தியின் போனில் இருக்கிற ஆட்கள். பேத்தி நேற்றும் வீடியோவில் வந்து கையாட்டினாள். இவர்கள் உறவு என்று கண்டுபிடித்துத் தந்ததற்கு நன்றி. ஆறாவது பெட்டியில் 'நெருங்கிய உறவு' என்று ஒரு சொல், பக்கத்தில் ஒரு பூட்டு.

காசு கொடுக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. என் கடனட்டையைப் போட்டேன், நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. தம்பி டொரொன்டோவிலிருந்து தன் அட்டையைப் போட்டான், கணக்கின் நாடும் அட்டையின் நாடும் ஒன்றல்ல என்று திருப்பி அனுப்பினீர்கள். 'கணக்கின் நாட்டை மாற்றிக்கொள்ளலாம்' என்று உங்கள் உதவிப் பக்கமே யோசனை சொல்கிறது. அதைச் சித்தியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "நாட்டை மாத்தி எழுதச் சொல்றானா? அப்படி மாத்தி எழுதித்தானே அக்காவ அனுப்புனாங்க. நான் எழுத மாட்டேன்."

இதற்கு மேல் நான் அவரை வற்புறுத்தவில்லை. உங்களுக்கு இது ஒரு கீழிறங்கு பட்டியல். எங்களுக்கு அப்படியில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, கடதாசி காட்டு என்றார்கள். பிறப்பே பதியப்படாத லயத்துச் சனம் எந்தக் கடதாசியைக் காட்டும்? என் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்திலும் பாட்டனுக்கு ஒரு பெட்டி, பூட்டனுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஒன்றில் ஒரு கோடு இழுத்திருக்கிறார்கள். பெட்டிகளோடு எங்களுக்குப் பழைய பகை. அன்று முன்னோரைக் காட்டு, இருக்க விடுகிறோம் என்றார்கள். இன்று நீங்கள், இருக்கிற இடத்தை மாற்று, முன்னோரைக் காட்டுகிறோம் என்கிறீர்கள்.

பூட்டுக்குக் காரணம் பாதுகாப்பு என்று உங்கள் இரண்டாவது பதிலில் எழுதியிருந்தீர்கள். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. 2023இல் உங்களைப் போலவே எச்சில் குப்பி விற்கும் 23அண்ட்மீயில் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் விவரம் களவு போனதையும், 2025 மார்ச்சில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனதையும் நானும் வாசித்தேன். வங்குரோத்து என்ற சொல்லின் அர்த்தத்தை 2022இல் எரிவாயு வரிசையில் நின்ற எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அம்மாவின் எச்சில் நாளைக்கு யார் கைக்குப் போகும் என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் பாதுகாப்புக்காகப் போட்ட பூட்டு காசு கொடுத்தால் திறக்கக் கூடாது. திறந்தால் அது பாதுகாப்பில்லை, பெட்டிக்கடை.

வேறு வழி பார்க்கவில்லை என்றும் நினைக்க வேண்டாம். இரண்டு பேரின் தரவையும் இறக்கி, எந்த நிறுவனத்தில் சோதித்தவர்களும் தரவை ஏற்றி ஒப்பிடக்கூடிய ஜெட்மேட்ச் தளத்தில் ஏற்றினேன். எஸ். எம். அங்கே இல்லை. அவர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறார். கோத்தகிரிப் பக்கம் போய்வந்த ஒருவரிடமும் சொல்லி வைத்தேன். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் அங்கே ஒன்றிரண்டா?

இன்னொன்றையும் சேர்த்துவிடுகிறேன். உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர்ண வரைபடம் போட்டு, அம்மா 98 வீதம் 'தென்னிந்தியாவும் இலங்கையும்' என்று காட்டியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்துக்குப் பூட்டு இல்லை, எத்தனை தரமும் பார்க்கலாம், பகிரலாம், பிரேம் போட்டு மாட்டலாம். அதைச் சொல்ல எச்சில் தேவையில்லை, எங்கள் வீட்டு ரசத்தில் ஒரு வாய் குடித்தாலே போதும். எங்களுக்குத் தெரிந்ததை இலவசமாகத் தருகிறீர்கள், தெரியாததைப் பூட்டுகிறீர்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதிவிட்டேன் என்றால் மன்னியுங்கள். என் வேண்டுகோள் பெரியதில்லை. விதி மாறுவதற்கு முன்பே குப்பிக்குப் பணம் கட்டியவர்களுக்காவது, அன்று நீங்கள் விற்ற பட்டியலை முழுதாகக் காட்டுங்கள். எல்லாருக்கும் முடியாது என்றால், ஒரு கணக்குக்கு. ஒரு கணக்குக்கும் முடியாது என்றால் ஒரு பெட்டிக்கு. எஸ். எம். தன்னை மறைத்துக்கொள்ள விரும்பினால் அவர் பெயரும் வேண்டாம். அம்மாவின் பட்டியலில் இருக்கும் 861தான் இது என்று 'ஆம்', இல்லையென்றால் 'இல்லை'. ஒரு சொல் போதும். அது வேறு யாராக இருந்தாலும் சரி, அதையும் தெரிந்துகொண்டு அடுத்த வேலையைப் பார்ப்போம்.

பெரியம்மா இருந்தால் அவருக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். அம்மா ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்து சித்திக்குப் போன் எடுக்கிறார். முன்பெல்லாம் சுகம் விசாரிப்பார்கள், மீன் விலை கதைப்பார்கள். இப்போது முதல் கேள்வியே, "என்னா, பெட்டி தொறந்துச்சா?"

சித்தியின் கணக்கு இலக்கம் முந்தைய நான்கு முறைப்பாடுகளிலும் இருக்கிறது. தயவுசெய்து ஐந்தாவது பதிலை ஒரு மனிதர் எழுதட்டும். கழிவு வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டியலில் சித்திக்கு ஐந்தாவதாக வருபவள்
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13