மதகு திறந்திருந்தும் மூடியதாகக் காட்டும் 17-வது பைட்: காவிரிப் படுகைக் கல்லூரிகளின் கணினி ஆசிரியர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைக் கல்லூரிகளில் சி மொழியும் நடத்துகிறீர்கள், சி ஷார்ப்பும் நடத்துகிறீர்கள். இரண்டும் சந்திக்கும் இடத்துக்கு ஆய்வகத்தில் ஒரு மதியம் ஒதுக்குங்கள். சி ஷார்ப்பிலிருந்து சி நூலகத்துக்கு ஸ்ட்ரக்ட் அர்ரே (பல ஃபீல்டுகள் கொண்ட பதிவுகளின் வரிசை) அனுப்பும்போது வரும் மோசமான பிழைகள் நிரலை நிறுத்துவதில்லை. தப்பான விடையைக் கொடுத்துக்கொண்டே அது ஓடும்.

பயிற்சிக்குக் கல்லணையையே எடுக்கலாம். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என அர்ரேயில் நான்கு உறுப்புகள். ஒவ்வொன்றிலும் வரிசை எண்ணுக்கு ஓர் இன்ட் (முழு எண்), கன அடிக்கு ஒரு டபுள் (தசம எண்), அளவுமானி வேலை செய்கிறதா, மதகு திறந்திருக்கிறதா என்று இரண்டு பூல் (ஆம்/இல்லை மதிப்பு).

64 பிட் கணினியில் சி கம்பைலர், பைட்டுகளை 0-இலிருந்து எண்ணினால், இன்ட்டை 0-இலும், டபுளை 8-இலும், பூல்களை 16, 17-இலும் வைக்கும். மொத்தம் 24 பைட். தரவை சி-க்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் சி ஷார்ப்பின் மார்ஷலரோ, நாம் எதுவும் குறிக்காவிட்டால், பூலுக்கு 4 பைட் ஒதுக்கும். பூல்கள் 16, 20-இல் உட்காரும். மொத்தம் அப்போதும் 24தான்! அளவு ஒத்துப்போகிறது, கன அடியும் சரியாக வருகிறது. ஆனால் சி படிக்கும் 17-வது பைட் முதல் பூலின் மிச்சம். அதில் எப்போதும் 0. மதகு திறந்தே இருந்தாலும் நூலகத்துக்கு அது மூடிய மதகு.

ஆகவே மொத்த அளவோடு நிற்காமல், ஒவ்வொரு ஃபீல்டும் எங்கே தொடங்குகிறது என்று இருபுறமும் அச்சிடச் சொல்லுங்கள்: சி-யில் ஆஃப்செட்ஆஃப், சி ஷார்ப்பில் மார்ஷல்.ஆஃப்செட்ஆஃப். பூலுக்குப் பதில் பைட் வைப்பதே எங்கள் பரிந்துரை. அர்ரே நகலாகாமல் நேராகப் போகும். பூலையே வைத்து யூ1 (ஒரு பைட்) என்று குறித்தாலும் இடம் சரியாகும். ஆனால் போவது நகல். அர்ரேக்கு இன், அவுட் இரண்டும் குறிக்காவிட்டால் சி எழுதியது திரும்பி வராது. ரெஃப் சேர்ப்பது தீர்வல்ல, அது பாயின்ட்டருக்குப் (நினைவக முகவரிக்குப்) பாயின்ட்டராகிவிடும்.

ஊர்ப்பெயரையும் ஸ்ட்ரக்ட்டில் சேர்க்கச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் ('கு' என்பது க, உகரக் குறி என இரண்டு குறியீடுகள்). 32 பைட் இடத்தில் கும்பகோணம் 30, இறுதி 0-வோடு 31 என்று தப்பிவிடும். மன்னார்குடிக்கு 33 வேண்டும். வெட்டினால் எழுத்தே உடையும். திருத்துறைப்பூண்டிக்கு 54. 64 பைட் வையுங்கள், யூடிஎஃப்-8 மாற்றத்தை மாணவர்களே செய்து பைட்டுகளாக அனுப்பட்டும். ஆன்சி மார்ஷலிங்கிடம் விட்டால் விண்டோஸில் பெரும்பாலும் கேள்விக்குறிகளே மிஞ்சும், ஏனெனில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜ் (விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டு அட்டவணை) கிடையாது.

சி-யின் லாங் என்ற முழு எண் வகை விண்டோஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8. இன்ட்32 என்றோ இன்ட்64 என்றோ வெளிப்படையாக எழுதப் பழக்குங்கள்.

கடைசியாக ஒன்று. அழைப்பு முடிந்த பிறகும் நூலகம் பாயின்ட்டரை வைத்துக்கொள்ளுமானால் சாதாரண அர்ரே உதவாது. பயன்படாத நினைவகத்தைத் துப்புரவு செய்யும் கார்பேஜ் கலெக்டர் அதை நகர்த்தலாம், அழித்தும் விடலாம். மார்ஷல்.அல்லாக்ஹெச்குளோபல் கொண்டு இடம் வாங்கி, நூலகம் விட்ட பிறகு ஃப்ரீஹெச்குளோபல் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சி, சி ஷார்ப் இரண்டிலும் நிரல் எழுதுவோர்