என் அம்மாவின் தலைமாட்டில் நின்று பேசுபவர்களுக்கு

மதிப்பிற்குரிய மருத்துவமனைப் பணிப்பாளருக்கும், விடுதியின் வைத்தியர்கள், தாதியர்கள் அனைவருக்கும்,

வணக்கம். பாரிசவாதத்தால் பேச்சையும் வலப்பக்கத்தையும் இழந்த என் அம்மா ஐந்தாவது கிழமையாக உங்கள் விடுதியில் இருக்கிறார். நோயின் விவரம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓர் இரவில் ஒரு தாதி எத்தனை கட்டில்களுக்கு ஓடுகிறார் என்பதை நானும் பார்க்கிறேன். மருந்திலோ பராமரிப்பிலோ குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கடந்த செவ்வாய்க்கிழமை காலை அவருடைய தலைமாட்டில் நின்று சொல்லப்பட்ட ஒரு வசனத்துக்காக எழுதுகிறேன். “இவருக்கு ஒன்றும் விளங்காது. இங்கே இருந்தாலும் ஒன்றுதான், வீட்டுக்கு அனுப்பினாலும் ஒன்றுதான்.”

அப்போது நான் அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன். அம்மாவின் இடக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் போர்வையின் கரையை மடிப்பதும் நீவுவதுமாக இருந்தன. பனையோலைப் பெட்டி இழைத்து எங்களை வளர்த்தவர் அவர். ஓலையை மடித்து நகத்தால் நீவுகிற அதே பழக்கம். அந்த வசனம் முடிந்ததும் விரல்கள் நின்றுவிட்டன. கண்ணோரத்திலிருந்து நீர் காதுவரை வழிந்தது. தசைத் துடிப்பு, கண் வறட்சி என்று விளக்கம் தந்தார்கள். இருக்கலாம். விளங்கித்தான் அழுதார் என்று நானும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் விளங்கவில்லை என்பதை நீங்கள் எந்த அளவையால் அறிந்தீர்கள்?

உயர்தர வகுப்புக்கு அளவையியல் படிப்பிப்பவள் நான். அதனால் இந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, எண்ணும்போது அபாவத்தையும் சேர்த்து எண்ணுகிறது. வெறுந்தரையைப் பார்த்து ‘இங்கே குடம் இல்லை’ என்று அறிவது அபாவம். தருக்க நூலார் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: குடம் இருந்திருந்தால் அது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருட்டறையில் நின்று குடம் இல்லை என்று சொன்னால் அது செல்லாது. பிறர் மனமோ எந்த வெளிச்சத்திலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பேச்சைக் கேட்டு, அசைவைக் கண்டு, உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று கருதிக்கொள்கிறோம். அம்மாவுக்கு அந்த இரண்டு வழிகளையும் நோய் பெரும்பாலும் அடைத்துவிட்டது.

அறியப்படாத பொருள் உண்டா என்பது பழைய வழக்கு. அறிவுக்குப் புறம்பாகப் பொருள் இல்லை என்ற யோகாசாரப் பௌத்தரை, பிறர் கொள்கைகளை மறுக்கும் பகுதியான சித்தியாரின் பரபக்கம் மறுக்கிறது. அயர்லாந்து மெய்யியலாளரான பார்க்ளி, இந்த மேசை இருக்கிறது என்றால் அதைக் காண்கிறேன், தொட்டு உணர்கிறேன் என்பதே அதன் கருத்து என்று 1710இல் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு வந்த பிறகும் மேசை அங்கேதான் இருக்கும். ஆனால் அந்தப் பார்க்ளியும் மனத்தை மேசையோடு சேர்க்கவில்லை. பொருளின் இருப்பு காணப்படுவதில், மனத்தின் இருப்பு காண்பதில் என்று பிரித்தார். காணாத மேசையை மறுத்தவரே மறுக்கத் துணியாத ஒன்றை, காலைச் சுற்றில் அரை நிமிடத்தில் மறுத்துவிட்டீர்கள்.

உங்கள் துறையே இதில் என் பக்கம் நிற்கிறது. விபத்துக்குப் பின் ஐந்து மாதமாக எந்தச் சைகையும் காட்டாத 23 வயதுப் பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொன்னபோது, அவருடைய மூளை நலமாக இருப்பவரின் மூளையைப் போலவே இயங்கியதை மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவனின் குழுவினர் 2006இல் வெளியிட்டார்கள். 2024இல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்கு வெளிப்படையாக எந்தப் பதிலும் தராத 241 பேரில் 60 பேரின் மூளை அந்தக் கட்டளைக்கு இயங்கியது. அந்தக் கருவியை இங்கே கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவருடைய தலைமாட்டில் நின்று அவரைப் பற்றிப் பேசாதீர்கள், அவரோடு பேசுங்கள் என்று மட்டும் கேட்கிறேன்.

கண்ணில் படாதவரை இல்லாதவராக எழுதி முடிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு 2017 முதல் வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரிடம் ‘இனி இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்’ என்று எத்தனை அதிகாரிகள் எவ்வளவு இலேசாகச் சொன்னார்கள்! அந்தச் சொல் அவர்களை என்ன செய்தது என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்? அதே சொல்லை ஒரு கட்டிலருகே நின்று நீங்கள் சொல்லலாமா?

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு விலகிவிட்டேன். உங்களில் சிலர் அவரைப் புரட்டும்போது எவ்வளவு பக்குவமாகப் பிடிக்கிறீர்கள் என்பதையும் கண்டிருக்கிறேன். அந்தப் பக்குவத்தைச் சொல்லிலும் காட்டுமாறு பணிவாகக் கேட்கிறேன். அவரைப் பற்றிய முடிவுகளை வெளியே அழைத்து எங்களிடம் சொல்லுங்கள். அவரோடு பேசுங்கள். இடது காது நன்றாகக் கேட்கும். ‘அம்மா’ என்றால் போதும். நாளை விடிய உடம்பு துடைக்க வரும்போது, துணியை வைப்பதற்கு முன் தண்ணீர் குளிராக இருக்கும் என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கட்டிலின் இடப்பக்கம் நிற்கும் மகள்
யாழ்ப்பாணம்